பாதி ஓட்டத்தில் சர்பத்

ஆம்பூர்,
தை, 1936

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் சுகிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

நீரிழிவோடு தனியே இருக்காதே, வேலையை விட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். போன சனிக்கிழமை ஆசிரியைகளுக்கான மூன்று மைல் ஓட்டத்தில் நானும் ஓடினேன். இன்சுலின் ஊசி போட்டிருந்ததால் பாதியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. அந்நேரம் இனிப்புதான் மருந்து. பக்கத்து வீட்டு அக்தரி பேகம் வாசலில் நின்று எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். என்னைக் கண்டதும் செம்பை மறைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, உங்களுக்கு இனிப்பு ஆவாதே! பேஜார் பண்ணாதீங்க, தண்ணி குடிங்க!"

பெருநாள் பாயசத்தைத் திருப்பி அனுப்பியே அவரைப் பழக்கியது நான்தானே! பிடுங்கிக் குடித்தேன். நடுக்கம் நின்றதும் ஓடி, மூன்றாவதாக வந்தேன். இளம் ஆசிரியைகள் பலர் எனக்குப் பின்னால்!

வேலையை விடமாட்டேன், அம்மா. அடுத்த ஓட்டத்துக்கு உங்கள் பழைய நூல்புடவை ஒன்று வேண்டும். துவைக்காமலே அனுப்புங்கள், உங்கள் வாசனை அதில் இருக்கட்டும். பள்ளி மணி அடிக்கிறது.

சுகிர்தம்