கரையில் ஒரு ஜோடி செருப்பு

செவ்வாய், இரவு.

கண்ணை மூடினால் அந்தச் செருப்புதான். எதிர்வீட்டு மேரியின் புருஷனை நேற்றிலிருந்து காணவில்லை. அவன் செருப்பு ராயபுரம் கரையில் கிடந்ததாம். மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருப்பான் என்கிறார்கள்.

மேரி ஒப்பவில்லை. "கடலுக்குப் போறப்போ செருப்ப வூட்லயே வுட்டுட்டு வெறுங்காலோடதான் சார் போவாரு. கரைல இன்னாத்துக்குக் கழட்டுவாரு?"

எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் என் கொலைக்கதையில், செத்தவன் கடலுக்குப் போய்விட்டதாக ஊரை நம்பவைக்க, கொலைகாரன் அவன் செருப்பைக் கரையில் விட்டுப்போவதாக எழுதினேன். கதை இன்னும் அச்சாகவில்லை. வாங்கிப் படித்தது மாடிவீட்டு லாரி டிரைவர் மட்டும்தான்.

சாயங்காலம் படியில் நிறுத்தி, தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"சோக்கா கீது சார். அடுத்த கதை எப்போ?"