பின்சீட் இல்லாத புல்லட்

பிக்கானேர்,
9-2-2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டி விலைக்கு இருக்கிறது. ஒன்று வடலூர் வெங்கடேஷின் யெஸ்டி. இன்னொன்று பதினாறாம் பிளாக் துரைராஜ் அண்ணனின் எண்பத்தாறாம் வருஷத்து புல்லட். அண்ணன் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற எல்லோரையும் போலக் கட்டில் பீரோவோடு வண்டியையும் விற்கிறார்.

நீ போய்ப் பார். முன்னால் தகவல் சொல்லாதே. கிளப்பும் முன் என்ஜினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், லேசில் கிளம்பாத வண்டியை நமக்காக முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொய்யைக் கண்டுபிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை, அது எனக்குத் தெரியும். நல்ல வண்டியை ரயிலில் இங்கே அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
செங்குட்டுவன்


நெய்வேலி,
17-2-2025

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கத்தரிக்காய் பார்த்து வாங்கத் தெரியாத மனிதர் புல்லட் வாங்கக் கிளம்பிவிட்டார். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன்.

யெஸ்டி புதுப் பெயிண்டில் மின்னியது. என்ஜினில் கை வைக்க முடியவில்லை. "வெயிலுங்க" என்றார் வெங்கடேஷ். "ஷெட்டுக்குள்ள ஏதுங்க வெயிலு?" என்றேன். உடனே அவருக்கு யாரிடமோ போன் பேச வேண்டியிருந்தது.

துரைராஜ் அண்ணன் வண்டி தூசி மூடிக் கிடந்தது. என்ஜின் சில்லென்று இருந்தது. ஒரே மிதியில் கிளம்பியது. ஆயில் சொட்டுகிறதே என்றேன். "சொட்டலன்னாதாம்மா பயப்படணும்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் ஒற்றை சீட்தான் இருக்கிறது. பின்சீட் எங்கே என்று கேட்டேன். அண்ணன் மனைவி கலியம்மாள் அக்கா உள்ளிருந்து, "முட்டி வலிக்குது, வண்டியில ஏற மாட்டேன்னு ஒரு நாளு சொன்னேன். மறுநாளே கழட்டிப் பரண்ல போட்டுட்டு, அவரு மட்டும் ஓட்டிக்கினு போறாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷம் முடிந்ததும் நெய்வேலிக்கே மாற்றல் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஏப்ரலோடு மூன்று வருஷம் முடிகிறது. திரும்பி வருகிறவர் வண்டியை எதற்கு அவ்வளவு தூரம் ரயிலேற்றச் சொல்கிறார்?

இப்படிக்கு,
இளவேனில்


பிக்கானேர்,
25-2-2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

புல்லட்டையே முடித்துவிடு.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மாற்றல் மனுவை நான் இன்னும் கொடுக்கவில்லை. மார்ச் கடைசி வரை கொடுக்கலாம். கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே வருவதற்கு முந்தைய வருஷம் நினைவிருக்கிறதா? ஷிஃப்ட் முடிந்து நான் உள்ளே நுழைந்தால் நீ எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாய். மேஜையில் சாப்பாடு மூடியிருக்கும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தச் சுரங்கத்திலும் தனிமைதான். ஆனால் என்னைக் கண்டதும் யாரும் எழுந்து போவதில்லை.

ஒற்றை சீட்டே போதும். இங்கே பின்னால் உட்கார யார் இருக்கிறார்கள்?

செங்குட்டுவன்


நெய்வேலி,
12-3-2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபப்பட்டேன், பிறகு அழுதேன். நான் எழுந்து போனது உண்மைதான். செருப்பைக் கழற்றும் முன்பே நீங்கள் டிவியைப் போட்டதும் உண்மைதான். யார் முதலில் பேசுவது என்று ஒரே வீட்டில் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

புல்லட்டை வாங்கிவிட்டேன். என் பெயரில், என் சேமிப்பில். அங்கே அனுப்பப் போவதில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து பழைய நீள சீட்டை இறக்கி, அண்ணனே மாட்டிக் கொடுத்தார். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இந்த வண்டிக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உங்கள் பழைய ஹோண்டா பைக்கில் வலது பக்க பிரேக்குக்குப் பழகிய கால் கேட்குமா? பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து, பால் பூத் வேலிக்குள் போய் நின்றேன். பாலுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "டீச்சர், அடிபட்டுக்கினீங்களா?" என்று ஓடி வந்தார்கள். மானம் போனதைத் தவிர அடி ஒன்றும் இல்லை. இப்போது தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

கழற்றிய ஒற்றை சீட்டை உங்களுக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்டது அதுதானே? அங்கேயே இருப்பதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் இனி கேட்க மாட்டேன். வருவதென்றால் மனுவைக் கொடுங்கள். வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். நான் ஓட்டுவேன், நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து இரண்டு பேராலும் எழுந்து போக முடியாது.

உங்கள்,
இளவேனில்


பிக்கானேர்,
24-3-2025

இளவேனில்,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. மனுவை இன்று காலை கொடுத்துவிட்டேன்.

உன் எதிரில் வந்து நிற்கப் பயமாக இருக்கிறது. உன் பின்னால் உட்காரவும் பயமாகத்தான் இருக்கிறது. பிரேக் இடது கால். மறந்துவிடாதே.

உன்,
செங்குட்டுவன்