கக்கூஸில் நின்ற தேங்காய்

அன்புள்ள அப்பாவுக்கு இலக்கியா எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். போர் போடும் ரிக் வண்டி ஆட்களுக்குப் படித்துக் காட்டிச் சிரிக்காதீர்கள். அம்மாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். போனில் சொல்லலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் காலையில் சத்தீஸ்கருக்குக் கிளம்பும் கதிர்வேல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் உங்களிடம் வந்துவிடுவாராம்.

நீங்கள் ஊர் ஊராகப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இங்கே நம் போரில் காற்றுதான் வருகிறது. காவிரிக் குழாய் நினைத்தால் வரும். குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் கக்கூஸுக்கு ஊற்றுகிறோம். ஒரு நல்லது, எந்நேரமும் சோப்பு வாசம்.

புதுப் போருக்கு இடம் பார்க்க அம்மா சின்னண்ணன் மாமாவை அழைத்து வந்தாள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வாசல் முழுக்க நடந்தார். அடியில் தண்ணீர் இருந்தால் அது எழுந்து நிற்குமாம். எங்கும் எழவில்லை. திறந்திருந்த கக்கூஸுக்குள் கால் வைத்ததும் விறைத்து நின்றது! கக்கூஸ் வாசற்படியில் அடையாளத்துக்கு மஞ்சள் பூசிய கல்லை வைத்து, "இங்கதானுங்க அம்மணி, கங்கையே ஓடுது" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. "இடிச்சுப் போட்டுப் போர் போட்டுரலாம். தண்ணி வந்தா ஒரு கக்கூஸ் கட்டிக்க முடியாதா?" என்றாள்.

வந்தால் சரி. வராவிட்டால்? மறுபடி இருட்டில் முள்ளுக்காட்டுக்குப் போக வேண்டும். பைபாஸில் லாரி வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து நிற்க வேண்டும். என்னால் முடியாது அப்பா.

அதனால் அன்று இரவே கல்லைத் தூக்கிப் போய்க் கந்தம்மாள் அத்தை வீட்டு வேலியோரம், நம் பக்கமாகவே வைத்துவிட்டேன். ஏன் அங்கே என்றால், அதற்கு மேல் தூக்க முடியவில்லை.

மறுநாள் சரிபார்க்க வந்த மாமா கல்லைப் பார்த்ததும் நேராக அங்கே போனார். தேங்காய் அங்கேயும் நின்றது! "ஏனுங்க, நேத்து கக்கூஸ்லதானுங்களே நின்னுச்சு?" என்று அம்மா கேட்டாள். மாமா கண்ணைக்கூட இமைக்காமல், "நீரோட்டம்னா ராத்திரில நவுருமுங்க" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கேட்டுவிட்டாள். "அப்ப எங்கூட்டுப் பக்கந்தான் வருது. இன்னொரு ராத்திரி பொறு மஞ்சு, தானா எங்க தொட்டிக்கே வந்துரும்." "உங்கூட்டுக்கு வழி கேட்டா வந்துச்சு?" என்றாள் அம்மா. இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அத்தை வேலியோரம் கட்டில் போட்டுத் தண்ணீருக்குக் காவல் படுத்திருக்கிறாள். குறட்டை இங்கே வரை கேட்கிறது.

வெள்ளிக்கிழமை போர் வண்டி வருகிறது. அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டாள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நீரோட்டம் இல்லை அப்பா, என் கைவலி. உள்ளேயிருந்து புழுதி மட்டும் பறந்தால் அம்மா அழுவாள். உண்மையைச் சொன்னாலோ கக்கூஸை இடிப்பாள்.

தேங்காய் நின்ற இடத்தில் புழுதி பறந்த கதையை நீங்கள்தானே சொல்லிச் சிரிப்பீர்கள்? அதை அம்மாவிடம் சொல்லுங்கள். கருவி வைத்துப் பார்க்கும் ஆளோடு வருகிறேன், அதுவரை மண்ணைத் தொடாதே என்று சொல்லுங்கள். என் பேர் வேண்டாம். கனவில் சாமி வந்து சொன்னதாகச் சொன்னால் அம்மா நம்புவாள்.

மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். போன தடவை ஊருக்கு வந்தபோது ரொம்ப இருமினீர்கள்.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? கக்கூஸுக்குள்தான். நம் வீட்டில் உள்தாழ்ப்பாள் இருக்கிற ஒரே இடம் இதுதான். இது மட்டும் இல்லாவிட்டால் நான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. "இலக்கியா, சத்தம் போடாம வெளிய வா சாமி. அவ தூங்கிட்டா. அந்தக் கல்லுக்கு ஒரு கை குடு, மறுபடி கக்கூஸ்கிட்டயே கொண்டாந்து வெச்சரலாம். இங்கிருந்து அவ ஊட்டுக்கு எப்படி நவுருதுன்னு பாத்துரலாம்."

அப்பா, சீக்கிரம் போன்