போர்ட் பிளேரில் நின்றுவிட்ட விமானம்

என் செல்லத் தம்பி பாபுவுக்கு,

உன் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன். ஸ்க்ரூ டிரைவர் போட்டு, உள்ளே இருந்து திரைக்குப் படம் வரைகிற கார்டையே கழற்றிவிட்டேன். "அக்கா, அந்தப் பெட்டி மேல கை வச்ச, கொன்னுடுவேன்" என்பாயே, இப்போது வந்து கொல் பார்ப்போம்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நான்கு நாளும் நம் முதலியார்பேட்டை வீட்டு முன்னறையில் நாற்காலி தேயத் தேய உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டினாய். நிஜ விமானத்தில் ஒரு நாளும் ஏறாதவன், ஊர் ஊராக இறங்கி ஏறி உலகத்தையே சுற்றினாய். பக்கத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருப்பார். ஜெராக்ஸ் கடையிலிருந்து கால் வலியோடு வருகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தொரையும் அம்மாவும் எந்த ஊர்ல எறங்குனீங்க? அந்த ஊர்ல மாவு அரைச்சு வச்சிருப்பாங்களா?" என்பேன். அதை இப்போது யாரிடம் சொல்வது?

கடைசியாக நீ இறங்கிய இடம் போர்ட் பிளேர். கடலைத் தாண்டினால் நம் ஊர், அந்த ஒரு பயணம்தான் பாக்கி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "பாபு ஏரோப்ளேன் அங்கியே நிக்குதேடி, அத யாரு கொண்டாருவா?"

துக்கத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா விடவில்லை. சோறு பாதியில் நிற்கும், கண் அந்தக் கறுப்புத் திரைக்குப் போய்விடும். "தெவசத்துக்குள்ள அது ஊரு வந்து சேரணும் செல்வி. இல்லன்னா எனக்கு மனசு ஆறாது" என்று ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டார். சரி, பிள்ளையைத்தான் என்னால் கொண்டுவர முடியவில்லை, இதையாவது கொண்டுவரலாம் என்று உன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? டிவியில் சேனல் மாற்றத் தெரியாத நம் அம்மா. "சக்கரத்த உள்ள இழு. மொதல்ல சக்கரம், அப்புறந்தான் மத்ததெல்லாம். மூக்க ரொம்பத் தூக்காத, அவன் அப்டித் தூக்க மாட்டான்." கீரை ஆய்ந்துகொண்டே இத்தனையும் கற்றிருக்கிறார். நான் வாயைப் பிளந்தேன்.

விமானம் கிளம்பியது. கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு பெட்டிக்குள் விசிறிகள் மாவு மில் மாதிரி கத்த ஆரம்பித்தன. திரை மூலையில் நீ வைத்திருந்த சூட்டுக் கணக்கு எண்பது, தொண்ணூறு என்று ஏறி, பட்டென்று எல்லாம் கறுப்பு. மறுபடியும் போர்ட் பிளேர். மூன்று நாள், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் மேகத்துக்குள் நுழைந்த பிறகுதான் அணைந்தது.

ஏன் மேகம்? கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன். வெறும் நீல வானத்தில் கார்டுக்குப் பெரிய வேலை இல்லையாம். மேகம் என்றால் வெயில் எந்தப் பக்கம் நுழைகிறது, உள்ளே எவ்வளவு தூரம் போகிறது, எங்கே மங்குகிறது என்று கண் சிமிட்டுவதற்குள் பலமுறை கணக்குப் போட்டுப் பார்க்குமாம். அதுவும் ஏதோ ஒரு மேகம் இல்லை, அன்றைக்கு வங்காள விரிகுடா மேல் நிஜமாகவே எப்படி மூடியிருக்கிறதோ அந்த நிலவரத்தை வாங்கி வரைகிறதாம். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை. திரையிலும் அதே மழை. இதையா நான் பொம்மை என்று கேலி செய்தேன்?

படத்தின் தரத்தைக் குறைத்தால் சூடு ஏறாது என்றார்கள், குறைத்தேன். அம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். "என்னடி இது, பஞ்சு மெத்த கிழிஞ்ச மாதிரி கீது. அவன் பாத்த வானம் இது இல்ல." முடிந்தது கதை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன். அதற்கும் மசியவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் ஊதுவத்திகூடக் கொளுத்தவில்லை. சூடு தொண்ணூறைத் தாண்டியதும் அறை முழுக்கச் சாம்பிராணி வாசனை. அம்மா எழுந்து கும்பிட்டார். "வந்துட்டான்டி" என்றார். பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள் நான். எனக்கே கை மயிர் சிலிர்த்தது பாபு.

மறுநாள் கடையிலிருந்து பிரஷ்ஷும் ஊதுகுழல் மெஷினும் துடைக்கிற ஸ்பிரிட்டும் கொண்டுவந்தேன். ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்து மேய்கிற கைதானே, இதையும் பார்த்துவிடலாம் என்று கார்டைக் கழற்றினேன். பிரான்சுக்குப் போன, பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா வீட்டுப் பையனிடம் நீ கெஞ்சி வாங்கிய அதே கார்டு, செங்கல் கனம் கனத்தது. உள்ளே தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தூசி மட்டும் என்றால் ஊதினால் போயிருக்கும். இது பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன், சாம்பிராணி.

"அம்மா, வெள்ளிக்கிழம பொக போடறப்ப இந்தப் பெட்டி ஓடுமா?"

"ஆமாண்டி. நான்தான் போட்டு உடுவேன். அவன் போட்டோவுக்குக் காட்டுனா பொக அது பாட்டுக்குப் போயிடுது. இதப் போட்டா உள்ள இழுக்குது பாரு. அவனே வாங்கிக்கறான்னு நெனச்சுப்பேன்."

பத்து மாத வெள்ளிக்கிழமை. உன் விசிறிகள் அத்தனையையும் இழுத்திருக்கின்றன. சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே, சொல்லிவிட்டேன். அம்மா அந்தப் பழுப்புப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் அவன் மூச்ச அடச்சனா?" என்றார்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. "மூச்ச அடைக்கலம்மா. புள்ளைக்கு ஊட்றப்ப வாயெல்லாம் ஒட்டிக்குமே, அந்த மாதிரி. தொடச்சா போயிடும்" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து துடைத்தோம். அம்மா சேலைத் தலைப்பை எடுத்தார், நான் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியைக் கொடுத்தேன்.

சூட்டைத் தகட்டுக்குக் கடத்தப் பூசியிருந்த, காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பழைய பேஸ்ட்டைத் துடைத்ததும் அடியில் படம் வரைகிற சிப் தெரிந்தது. தபால்தலை அளவுதான், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. குனிந்தால் என் கண் அதில் தெரிந்தது. நீ காட்டிய பனிமலை, பாலைவனம், இத்தனை மேகம், எல்லாம் இதிலிருந்தா வந்தது? "இத்துனூண்டா?" என்று அம்மா விரலை நீட்டினார், தொடாமல் எடுத்துக்கொண்டார். எனக்கும் தொட மனம் வரவில்லை. புதுப் பேஸ்ட்டைப் பச்சைப்பயறு அளவு வைத்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். மேகம் வந்தது. அம்மா என் தோளை நெரித்தார். எழுபது, எழுபத்தொன்று, அங்கேயே நின்றது சூடு. சாம்பல் மேகத்துக்குள் போய், ஒன்றும் தெரியாமல் போய், திடீரென்று மேலே வந்தோம். வெயிலில் வெள்ளை வெள்ளையாக மலை மலையாக மேகம், முடிவே இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில்தான் என் தம்பி தினமும் இருந்திருக்கிறான், நானோ மாவு அரைத்து வைக்கவில்லையே என்று அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். அழுதேன், ஒளிப்பானேன்?

நான்கு மணி நேரம் கழித்துக் கடற்கரைச் சாலை தெரிந்தது, லைட் ஹவுஸ் தெரிந்தது. லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்கு உடனே திரும்பாமல், துறைமுக முகத்துவாரத்தைப் பிடித்து முதலியார்பேட்டை மேல் தாழ்வாகப் போனேன். தரைக்கு வானத்திலிருந்து எடுத்த நிஜப் படத்தைத்தான் விரித்திருக்கிறார்கள். நம் தெரு. நம் மொட்டை மாடி.

"தகரம் எங்கடி?" என்றார் அம்மா.

நீ போன பிறகு மாடி ஒழுகுகிறது என்று தகரக் கொட்டகை போட்டோம். படத்தில் அது இல்லை, வெறும் மாடி. கொடியில் ஏதோ துணிகூடக் காய்ந்தது. "இது பழைய படம்மா. போன வருஷமோ அதுக்கு முந்தியோ எடுத்தது" என்றேன்.

அம்மா திரைக்குக் கிட்டே போனார். "அப்ப பாபு உள்ளதான இருக்கான்?"

விமானத்தை நம் வீட்டைச் சுற்றியே திருப்பினேன்.

"பகல்ல எடுத்துருக்காங்க. ஆஸ்பத்திரி போயிட்டு வந்து தூங்குவான்" என்றார் அம்மா. "சத்தத்தக் கொறைடி."

குறைத்தேன். சத்தமே இல்லாமல் லாஸ்பேட்டையில் இறக்கினேன்.

அந்தப் படத்தை என்றைக்கு மாற்றுவார்களோ தெரியாது. மாற்றுகிற நாள் வரை இந்தக் கார்டு எண்பதைத் தாண்டாது, அம்மா கேட்கும்போதெல்லாம் நம் வீட்டு மேல் கூட்டிப்போவேன். சத்தியம்டா.

இன்னும் உன் மேல் கோபம் ஆறாத அக்கா,
செல்வி