ஜெர்மன் மெத்தைக்குள் என் சாக்கு

திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் இஷாக்குக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர, அதுவும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் தானாகச் சுகமாகிவிடுகிறது. நீயும் மருமகள் ஷமாவும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் சலாம் சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், திரும்ப என் கைக்கு வரும்போது அதில் சார்ஜ் இருப்பதில்லை. நூர் அகமது மகன் ஃபயாஸ் ஞாயிற்றுக்கிழமை பர்மிங்காமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கை மஹ்ஜபீன் விஷயமாக நீ வாட்ஸப்பில் அனுப்பிய பதினேழு மெசேஜுக்கும் சேர்த்து இது ஒரே பதில்.

உன் தங்கை மாவட்டப் பள்ளிகள் போட்டியில் உயரம் தாண்டி முதலாவதாக வந்தது உனக்குத் தெரியும், ஒரு மீட்டர் நாற்பத்தொரு சென்டிமீட்டர், உன் அம்மா நின்றால் காதுக்கு வரும். மாநிலப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் கூட இல்லை. அவளுடைய பி.டி. சார் வீடு தேடி வந்து, பிள்ளைக்குக் காலில் விஷயம் இருக்கிறது, ஆனால் முறையாகத் தாண்டத் தெரியவில்லை, நல்ல பயிற்சி கிடைத்தால் மேலே போவாள், கிடைக்காவிட்டால் இந்த நாற்பத்தொன்றோடு நின்றுவிடுவாள் என்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டார். காபி குடிக்காமல் போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று உன் அம்மா அன்று முழுக்க முகம் தொங்கிப்போய் இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம். முறை தெரியவில்லையா, அவள் தாண்டிப் பழகினதே நம் சாக்கு குடோனில்தான், இரண்டு சாக்கு அடுக்குக்கும் நடுவில் உள்ள சந்தில் ஓடி வந்து, சன்னல் கம்பிக்கும் தராசுக்கும் கட்டிய சணல் கயிற்றைத் தாண்டி, அந்தப் பக்கம் குவித்த காலிச் சாக்கில் விழுவாள். நம் சாக்கில் விழுந்து எழுந்து மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள் என்று நான் பள்ளிவாசலில் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

பேப்பரில் அவள் போட்டோ வந்த மறுநாளே அகாடமிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சாக்கு கேட்டு இத்தனை பேர் கூப்பிட்டிருந்தால் நான் இந்நேரம் திருச்சி ரோட்டில் இன்னொரு குடோன் கட்டியிருப்பேன். ஒருவன் ஒலிம்பிக் என்கிறான், ஒருவன் அரசு வேலை என்கிறான், ஒருவன் பிள்ளை பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டு அவளை உலகம் பூராவும் கொண்டுபோகிறேன் என்கிறான். நீ உன் பங்குக்குக் கோயம்புத்தூர் அகாடமியின் வெப்சைட்டை அனுப்பினாய், நீச்சல் குளம், ஏசி ஜிம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன் நல்ல மனதுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், ஆனால் உயரம் தாண்டுகிறவளுக்கு நீச்சல் குளம் எதற்கு அப்பு. நீ என்னோடு உட்கார்ந்து சாக்கு எண்ணியவன். இருபத்தைந்து சாக்குக் கட்டு ஒன்று வந்தால் விற்கிறவன் மேலேயும் கீழேயும் முழுச் சாக்கு வைத்திருப்பான், எலி கடித்ததெல்லாம் நடுவில் இருக்கும். அதனால்தான் நாம் நடுச் சாக்கை உருவிப் பார்க்கிறோம். வெப்சைட் என்பது மேல் சாக்கு. மெடல் வாங்கிய பிள்ளையும் மேல் சாக்குத்தான். நான் போகிற இடத்திலெல்லாம் நடுவில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி, அதனிடம் பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கிற ஓர் அகாடமி. நானும் உன் அம்மாவும் மஹ்ஜபீனும் உன் ஆரிபா மாமியும் போனோம். ஆரிபா, பிள்ளை டிராயரோடு ஓடுவாளா என்று கேட்பாள் என நினைத்து, முழுக்கால் உடை இருக்கிறது, தலைக்கும் இருக்கிறது என்று பதிலை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவள் அதைக் கேட்கவே இல்லை, ஹாஸ்டலில் வாரத்துக்கு எத்தனை நாள் கறி என்றுதான் மூன்று தடவை கேட்டாள். அங்கே உள்ளவர் ரொம்ப மரியாதையான மனிதர், வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க என்று கோப்பை அலமாரியைத் திறந்து காட்டினார். நான் நடுப் பிள்ளையைக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. முதலாவதும் வேண்டாம், கடைசியும் வேண்டாம், நடுவில் ஒன்று என்றேன். ஒரு பெண் பிள்ளை வந்தது, பன்னிரண்டு வயது இருக்கும், இரண்டு வருடமாக அங்கே இருக்கிறதாம். இங்கே என்னம்மா கற்றுக்கொண்டாய் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா துணி தொவைக்கக் கத்துக்கிட்டேனுங்க" என்றது. அதற்குள் உன் அம்மா யாரிடமும் கேட்காமல் நேராகக் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்து, ஆறு கதவில் நாலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள். நான் முப்பத்தாறு வருடம் வியாபாரம் பார்த்தவன், எனக்கு அது தோன்றவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது தாடிக்கொம்பு ரோட்டில், காலையும் மாலையும் போய் வருகிற மாதிரி. 'வெற்றிச் சிகரம்' என்று பெயர். முன்னே அது கோழிப்பண்ணை. நன்றாக வெள்ளையடித்து ஓடுபாதை எல்லாம் போட்டிருக்கிறார்கள், ஆனால் காற்று மேற்கிலிருந்து திரும்பினால் பழைய சரித்திரம் தெரிகிறது. நடத்துகிறவர் ஸ்தனிஸ்லாஸ், ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் விசில், நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் அதை ஊதி நான் பார்க்கவில்லை. வேறு நாலைந்து பெற்றோரும் பார்க்க வந்திருந்தார்கள். எல்லோரையும் நீல ரெக்ஸின் போட்ட ஒரு பெரிய மெத்தைக்கு முன்னால் நிறுத்தி, ஜெர்மன் ஃபோம், இந்த மாவட்டத்திலேயே நம்மிடம்தான் இருக்கிறது என்றார். நான் கால் வலிக்கிறதே என்று அதில் சாய்ந்தேன். சாய்ந்ததும் என் கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேலே நாலு விரல் மெத்து மெத்தென்று இருக்கிறது, அதற்குக் கீழே நறநறவென்று எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி. மூக்கை வைத்துப் பார்த்தேன், சணல். பக்கத்து ஜிப்பை ஒரு முழம் இழுத்துக் கையை விட்டு நடுவிலிருந்து உருவினேன். பச்சை மையில் வட்டத்துக்குள் 'அ.ல.' என்று நம் மார்க்கோடு வந்தது இஷாக். போன நோன்புக்கு முன்னால் ஓர் ஆள் வந்து கன்றுக்கு நிழல் கட்ட வேண்டும் என்று சொல்லி, நாலாந்தரக் கிழிசல் முந்நூறு சாக்கு எடைக்கு வாங்கிப் போனானே, அதே சாக்கு.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாக்கைத் தூக்கிப் பிடித்து, இது எந்த ஜெர்மனி, நத்தத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டேன். ஸ்தனிஸ்லாஸ் முகம் வியர்த்துவிட்டது. "பாய், செத்த மெதுவாப் பேசுங்க, பேரன்ட்ஸ் எல்லாம் நிக்கிறாங்க" என்றார். பேரன்ட்ஸ் கேட்கட்டும் என்றுதான் நான் சத்தமாகப் பேசினேன். ஒவ்வொரு சாக்காக உருவி, இது புளி, இது வெங்காயம், இது மாட்டுத்தீவனம் என்று வாசம் பார்த்துப் பிரித்துக் காட்டினேன், அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. ஒருவர் வீடியோ எடுத்தார், நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

திரும்பும்போது உன் தங்கை வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பார்த்தாயா, அத்தா எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டேன். ரயில்வே கேட் போட்டிருந்தது, நின்றோம். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க சாக்கத்தான் பாத்தீங்க, சரக்கப் பாக்கல. அல்போன்சா டீச்சர் எனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாத்தா?" என்றாள். கூட்ஸ் வண்டி வேறு நாற்பது பெட்டியோடு போனது, நான் அத்தனை பெட்டியையும் எண்ணிக்கொண்டு நின்றேன். யோசித்துப் பார், நான் காலிச் சாக்கு வியாபாரி. இத்தனை வருடத்தில் உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்டதே கிடையாது, காலியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த அல்போன்சா டீச்சர்தான் அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ஒருகாலத்தில் ரயில்வேக்காகத் தாண்டியவராம். நான் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தில் அவர் மைதானத்தின் மூலையில் உன் தங்கையை நாலு தடவை ஓட விட்டுப் பார்த்துவிட்டு, எங்கேம்மா பழகினாய், ரயில்வே பிளாட்பாரத்திலா என்று கேட்டிருக்கிறார். கம்பிக்கு நேராக ஓடி வருகிறாளாம், வளைந்து வர வேண்டுமாம், வளைந்து வந்தால்தான் முதுகுப் பக்கமாகத் திரும்பி மேலே போக முடியுமாம். அவள் எப்படி வளைவாள் சொல், நம் குடோன் சந்தில் வளைந்தால் புளிச்சாக்கு அடுக்கில் முட்டிக்கொள்வாள். அவளைத் தாண்ட வைத்ததும் நம் குடோன்தான், நாற்பத்தொன்றில் நிறுத்தியதும் நம் குடோன்தான். பள்ளிவாசலில் சொன்னதையெல்லாம் நான் இனி எப்படித் திருப்பி வாங்குவது.

மறுநாள் நான் மட்டும் போனேன். ஸ்தனிஸ்லாஸ் நான் போலீசோடு வந்திருப்பதாக நினைத்து, கேட்டுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். முதலில் டீச்சரைப் பார்த்தேன். அந்த மெத்தையில் ஒரு பிள்ளையைக் கூட நான் விழ விட்டதில்லை, அது போட்டோவுக்கு மட்டும்தான், சரியான மெத்தை வருகிறவரை கம்பியே வைக்க மாட்டேன் என்று ஆறு மாதமாகச் சண்டை போடுகிறேன் என்றார். உங்கள் குடோன் குவியலிலும் முதுகுவழியாக விழக்கூடாது, கழுத்து போய்விடும் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் ஸ்தனிஸ்லாஸைப் பிடித்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று செய்துவிட்டேன், தப்புத்தான் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். "எதுலெதுலயோ கை வச்சேன் பாய், டீச்சர் சம்பளத்துல மட்டும் வைக்கல." டீச்சரைத் தனியாகக் கேட்டேன், உண்மைதான். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த மனிதர் மேல் பாதிக் கோபம்தான் மிச்சம்.

ஃபோம் மாற்றாமல் என் பிள்ளை வராது, வேறு யார் பிள்ளையையும் வர விட மாட்டேன், அந்த வீடியோ எடுத்தவர் நம்பர் என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மெத்தைக்கடை பீர் முகமதுவை அங்கேயே கூப்பிட்டேன். நல்ல ஃபோம், தவணையில், என் பேச்சின் மேல் கொடுத்தான். உள்ளே இருந்த முந்நூறு சாக்கையும் நானே திரும்ப எடுத்துக்கொண்டேன், நான் விற்ற விலையிலிருந்து கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து. ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார், நான் மெத்தை ஜிப்பைப் பார்த்தேன், அவர் மூடிக்கொண்டார்.

நேற்று மாலை புது மெத்தை வந்து இறங்கியது. யார் முதலில் விழுவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்க, நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்று முதுகுவழியாக விழுந்தேன். கைலி ஒருபக்கம், நான் ஒருபக்கம். அறுபத்துமூன்று வயதில் எலும்பு ஒன்றும் சத்தம் போடவில்லை, சரக்கு நல்ல சரக்கு. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தது இன்னும் அடங்கவில்லை, நான் இதை எழுதும்போதும் அடுப்படியில் சத்தம் வருகிறது. அப்புறம் மஹ்ஜபீன் வளைந்து ஓடி வந்து முதுகுவழியாகத் தாண்டினாள். எவ்வளவு தெரியுமா, ஒரு மீட்டர் முப்பது. பதினொரு சென்டிமீட்டர் நஷ்டம். டீச்சர், முதலில் இறங்கித்தான் ஏறும், மாநிலப் போட்டிக்குள் நாற்பத்தைந்து வரலாம், வராமலும் போகலாம், அடுத்த வருடம் கண்டிப்பாக வரும் என்றார். ஒலிம்பிக் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை அகாடமிக்காரர்களில் வராமலும் போகலாம் என்று சொன்னது இவர் ஒருவர்தான், அந்த இடத்திலேயே பிள்ளையைச் சேர்த்துவிட்டேன். அதனால் கோயம்புத்தூரை நீ மறந்துவிடு, பணம் எதுவும் அனுப்பாதே.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதாமல் மூடிவிடலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை. திரும்ப வந்த சாக்கையெல்லாம் தூசி தட்டச் சொல்லிக் குடோனில் நின்றிருந்தேன். தட்டுவதற்கு எடுத்தது உன் கிரிக்கெட் பேட். அது பதினாலு வருடமாக அந்த வேலைதான் செய்கிறது, நான் ஒருநாளும் கவனித்ததில்லை. உனக்கும் அப்போது மஹ்ஜபீன் வயதுதான். மதுரையில் ஒரு மாதக் கிரிக்கெட் கேம்ப்புக்கு உன் பெயர் வந்திருந்தது, புளி சீசன், நத்தத்துக்குச் சாக்குப் போக வேண்டும், ஆள் இல்லை என்று நான் நிறுத்திவிட்டேன். நீ மறுநாள் காலையில் வந்து சாக்கு எண்ணினாய். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த வருடம் நத்தத்தில் புளியே சரியாகக் காய்க்கவில்லை, பாதிச் சாக்கு அப்படியே திரும்பி வந்தது.

பேட்டை வாங்கி நானே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஃபயாஸிடம் கொடுத்துவிடலாம் என்றால் பெட்டிக்குள் நுழையவில்லை. என் மேசைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது, இனி யாரும் அதில் தூசி தட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ வரும்போது இங்கேயே ஆடலாம், குடோன் சந்து நேராக இருப்பதால் கிரிக்கெட்டுக்குக் குறையில்லை, நான் பந்து போடுகிறேன்.

ஃபயாஸ் கையில் நத்தம் புளி இரண்டு கிலோ, உன் அம்மா இடித்த பொடி, ஷமாவுக்கு ஒரு சால்வை இருக்கிறது, எண்ணி வாங்கிக்கொள், அவன் வழியில் பொடியைத் தின்றுவிடுவான். தொழுகையை விடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உங்கள் இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் தருவானாக. மஹ்ஜபீனுக்குப் போன் செய்தால் முப்பது என்பதைப் பற்றிக் கேலி செய்யாதே, எப்படி வளைந்தாய் என்று மட்டும் கேள்.

உன் வரவை எதிர்பார்க்கும் அத்தா,
மு. அப்துல் லத்தீப்