கணக்குப் படிக்கும் அக்கா

அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போனால் தெரியும்.

இனி கோபம். நீ கல்லூரியில் படிப்பது நடனம். அப்பா ஊரெல்லாம் சொல்வது கணக்கு. அது அவர் குணம். ஆனால் நீயும் போனில் "விடுடா, எதுக்கு வம்பு?" என்கிறாய். மேடையில் போட வேண்டிய தாளத்தை அப்பாவின் பொய்க்குப் போடுகிறாய். தரையில் விழுந்து எழும் பயிற்சியில் கன்றிப்போன முழங்காலைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, கணக்குப் போட்டா முட்டி வீங்கும்? அடுத்த வாரம் நீ தனியாக ஆடிக் காட்டும் தேர்வு. என்னையாவது கூப்பிட்டாயா?

நேற்று பெரியப்பா வந்தார். அப்பா வழக்கம்போல் கணக்கை ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "அவ டான்ஸ் படிக்கிறா பெரியப்பா, அதுலயே டிகிரி வாங்கப் போறா" என்று போட்டு உடைத்தேன். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

இல்லைக்கா, பொய். "அக்கா எப்படிடா படிக்கிறா?" என்று பெரியப்பா என்னைத்தான் கேட்டார். "கணக்குல புலி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன். பின்னாலேயே வந்த அப்பா, சந்தோஷமாக முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த இடம் இன்னும் எரிகிறது.

இப்படிக்கு,
உன் தம்பி