தொளதொளத்த காலுறை

தூங்குகிறாய், எழுப்பவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

காலில் சுருண்ட நரம்பை லேசரால் உள்ளேயே சுட்டு மூடியதும், இறுக்கமான காலுறையை மாட்டி நடக்கச் சொல்வார்களாம். நீ அளவெடுத்து வாங்கியதோ கணுக்காலுக்கு வழுக்கி வந்துவிடுகிறது. தையல்காரி கை, பழக்கத்தில் இரண்டு விரல் தளர்வு விட்டுவிட்டது. அதற்காக நேற்று, “என் காலுக்கு ஜாக்கெட்டா தைக்கச் சொன்னேன்?” என்று நான் கத்தியிருக்க வேண்டாம். “நாள் பூரா நின்னு முடி வெட்டுற காலு. வீங்கினா இடம் வேணாமா?” என்றாய். அதோடு போய்ப் படுத்துவிட்டாய்.

விடிந்ததும், வீக்கம் வடிந்திருந்தபோது, நானே அளந்தேன். உன் டேப்பில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். சின்ன அளவு கணுக்கால், பெரியது கெண்டைக்கால். ஒரு நூல்கூடக் கூட்டாதே. காலுறையை மருந்துக்கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வா.

வீட்டைப் பூட்டிவிட்டு வா. என்னிடம் சாவி இல்லை.

துணைக்கு ஆள் இல்லாமல் லேசர் செய்ய மாட்டார்களாம். சலூன் முதலாளி வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொன்று. காலுறையை நர்ஸே மாட்டிவிடுவாராம். என் வீட்டுக்காரி வந்து மாட்டுவாள் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். வந்து திட்டு.